சேற்றுக்கும் ஓர் அளவுகோல்

பேராக்கின் மாத்தாங் கண்டல் காட்டில் மரம் கழிப்பவர்களிடம் ஒரு கோல் இருக்கும். நான்கடி நீளம். பாக்காவ் என்னும் கண்டல் மரங்களுக்குப் பதினைந்து வயதாகும்போது அந்தக் கோலோடு சேற்றில் இறங்குவார்கள். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதன் தண்டில் கோலின் நுனியை வைத்துச் சுற்றி வருவார்கள். கோல் எட்டும் தூரத்துக்குள் நிற்கும் மற்ற மரங்களை வெட்டி எடுத்துவிடுவார்கள். தேர்ந்த மரம் மட்டும் நின்று தடிக்கும். இருபதாம் வயதில் ஆறடிக் கோல். முப்பதாம் வயதில் மொத்தமாக வெட்டிக் கோலா செப்பெத்தாங் கரிச் சூளைகளுக்கு அனுப்புவார்கள். ஒரு சூளையில் ஏறத்தாழ 40 டன் பச்சைக் கட்டை ஏற்றினால், ஒரு மாதம் போலக் கனன்று 10 டன் கரியாக வெளியே வரும். வெட்டிய இடத்தில் மறுபடியும் கன்று.

வடக்கே கோலா கூலாவிலிருந்து தெற்கே பாகான் பஞ்சோர் வரை கடலோரமாக நீளும் இந்தக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்புக்காடாக்கி, பத்தாண்டுக்கு ஒரு திட்டம் எழுதி, அதன்படி வெட்டி, அதன்படி நட்டு வருகிறார்கள். உலகில் நன்றாகப் பேணப்படும் கண்டல் காடுகளில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படும் பெயர் இதற்குச் சும்மா வரவில்லை. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்தக் கோலை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

ஆனால் அந்தப் பெயரின் தோளில் ஏறிக்கொண்டு இன்னொரு கருத்து ஊர் முழுக்க உலவுகிறது. தைப்பிங் பாசாரில் மீன் வாங்கும்போது கேட்கலாம். பள்ளி விழா மேடையில் கேட்கலாம். படகில் மின்மினி பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு அதையே சொல்லி அனுப்புகிறார்கள். “காடு பச்சையாக இருக்கிறது, ஆற்றுத் தண்ணீரை அதிகாரிகள் சோதிக்கிறார்கள், எண்ணும் பரவாயில்லை, ஆகவே நம் கழிமுகம் நலமாக இருக்கிறது” என்பதுதான் அந்தக் கருத்து. படித்தவர்கள் சொல்கிறார்கள், பொறுப்பில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம்.

இது தவறு. காட்டின் பச்சையும் நீரின் எண்ணும் சேர்ந்தாலும் கழிமுகத்தின் உடல்நலத்தைச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் கழிமுகம் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். ஆறு கடலில் புகும் இடம். அதனால்தான் பழந்தமிழில் அதற்குப் புகார் என்று பெயர். காவிரிப்பூம்பட்டினம் புகார் ஆனதும் அப்படித்தான். ஆற்று நீர் உப்பு நீரைச் சந்திக்கும் அந்த இடத்தில் நடக்கும் ஒரு காரியம், ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்காமலே புரியும். கித்தாப் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஆசிட் விடுவோமே, என்ன ஆகும்? பாலில் மிதக்கும் நுண்துகள்கள் ஒவ்வொன்றும் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்பவை. ஆசிட் பட்டதும் அந்த விலக்கம் அடங்கிவிடுகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு பால் உறைகிறது. ஆற்றில் வரும் களிமண் துகள்களும் இப்படித்தான். நன்னீரில் விலகி விலகி மிதந்து வருபவை, கடலுப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, எடை கூடி, அடியில் படிகின்றன. கோலா செப்பெத்தாங்கில் வற்றத்தின்போது வெளியே தெரியும் அந்த வழவழப்பான சேறு இப்படிப் படிந்தது. மலையிலிருந்து, ஊரிலிருந்து, தோட்டத்திலிருந்து வந்த மண் அங்கே உறைந்து கிடக்கிறது.

மண் தனியாக வருவதில்லை. களிமண் துகளின் மேல் செம்பு, துத்தநாகம், காரீயம், ஆர்செனிக் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். லாரூட் பக்கத்து வெள்ளீய லம்பங்கள் (சுரங்கங்கள்) தைப்பிங்கை உண்டாக்கியவை. தைப்பிங் ஏரிப் பூங்காவே பழைய லம்பக் குழிகள்தாம். 1885 ஜூன் முதல் தேதி இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு. இன்றைய கோலா செப்பெத்தாங்தான் அந்தப் போர்ட் வெல்ட். லம்பத்து வெள்ளீயத்தைக் கப்பலேற்றத்தான் அந்தத் தண்டவாளம். வெள்ளீயம் ரயிலில் போயிற்று. அரித்துக் கழித்த மண் ஆற்றில் போயிற்று. பிறகு கித்தா வந்தது, செம்பனை வந்தது, கமுந்திங் தொழிற்பேட்டை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் தைப்பிங். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. பெய்கிற மழை அத்தனையும் மேற்கே இறங்கி ஒரே இடத்தில்தான் சேர வேண்டும்.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை பார்த்தவர். முதுகில் டாங்கி, ஒரு கையில் பம்ப், இன்னொரு கையில் குழாய். கித்தா நிரைகளுக்கு நடுவே புல் காய அடித்துக்கொண்டு போவார். மாலையில் டாங்கியைக் கழுவுவது லயத்துக்குப் பின்னால் ஓடிய கால்வாயில். கழுவி ஊற்றியதும் தண்ணீரில் ஒரு நீலப் பச்சைத் திட்டு விரிந்து, அரை நிமிடத்தில் மறைந்துவிடும். நான் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திட்டு மறைந்தால் மருந்து போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அம்மாவின் கை நகங்கள் வெளுத்து, வெடித்து, ஒன்றிரண்டு கழன்றும் போயின. மூக்கிலிருந்து ரத்தம் வந்த நாள்களில் கூட மறுநாள் பெரட்டுக்குப் போய் நின்றார்.

அந்தக் காலத்தில் தோட்டங்களில் பரவலாக அடிக்கப்பட்ட களைக்கொல்லி பாராகுவாட். தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய ஐரின் பெர்னாண்டஸ் போன்றவர்கள் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை வெளியே கொண்டுவந்து, நாடு முழுக்கக் கேட்கும்படி பேசினார்கள். 2002இல் அரசு தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. இந்தப் பாராகுவாட்டுக்கு ஒரு குணம் உண்டு. களிமண் துகளைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நான் படியில் உட்கார்ந்து பார்த்த திட்டு மறைந்திருக்கலாம். மருந்து போகவில்லை, மண்ணைப் பிடித்துக்கொண்டது. அந்த மண் எங்கே போய்ப் படியும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இப்போது நீரின் எண்ணுக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் துறை 1978 முதல் நாட்டின் ஆறுகளைக் கண்காணித்து வருகிறது. அதற்குப் பயன்படும் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவைகளைக் கொண்டது: கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, வேதிய ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமிலக் காரத்தன்மை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. கரைந்த ஆக்சிஜனுக்குத்தான் அதிகம், 0.22. எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் வரும். 81க்கு மேலே போனால் ஆறு தூய்மை. 60க்குக் கீழே இறங்கினால் மாசு. கடலுக்கும் கழிமுகத்துக்கும் வேறொரு குறியீடு இருக்கிறது. அதில் ஏழு அளவைகள். ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட், அம்மோனியா, மலக் கிருமி, எண்ணெய்ப் பிசுக்கு, மிதக்கும் திடப்பொருள். இவை வேண்டாத அளவைகள் என்று நான் சொல்லவில்லை. இவற்றை வைத்துக்கொண்டு கழிமுகம் நலம் என்று சான்றிதழ் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

குப்பியில் நீர் எடுக்கும் முறையை யோசித்துப் பாருங்கள். அது தோட்டத்துப் பெரட்டு போன்றது. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் போடுவார். அந்த நேரத்துக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்று செக்ரோலில் ஏறும். அதன் பிறகு யார் மயங்கி விழுந்தார், யாரை அட்டை கடித்தது, யார் பாதியில் திரும்பினார் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் வராது. கழிமுகத்தில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். காலையில் கடல் நீர் ஏறி நிற்கும்போது எடுத்த குப்பியும், மதியம் வற்றி ஆற்று நீர் மட்டும் ஓடும்போது எடுத்த குப்பியும் ஒரே இடத்து நீர் அல்ல. அமாவாசை ஓதத்துக்கும் அட்டமி ஓதத்துக்கும் வேறுபாடு இன்னும் அதிகம். ஆக்சிஜன் பகலில் கூடும், இரவெல்லாம் குறைந்துகொண்டே போகும். விடியலுக்கு முன்தான் மிகக் குறைவு. கூண்டு மீன் வளர்ப்பவர்கள் விடியற்காலையில் எழுந்து வலையை எட்டிப் பார்ப்பதன் காரணம் இதுதான். மீன் செத்து மிதப்பது அந்த நேரத்தில். நீர் எடுக்கும் வண்டி வந்து நிற்பது வெயில் ஏறிய பிறகு. அப்போது ஆக்சிஜன் மீண்டிருக்கும்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது, அது எதிர்ப்பக்கத்தில். வேதிய ஆக்சிஜன் தேவையைக் கணக்கிடும் சோதனையில் உப்பின் குளோரைடும் சேர்ந்து வினைபுரிந்து அளவை ஏற்றிக் காட்டிவிடும். அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். கண்டல் இலைகள் விழுந்து ஊறிய நீரோ இயல்பாகவே தேநீர் நிறத்தில், ஆக்சிஜன் குறைந்து, சற்றுப் புளித்துத்தான் இருக்கும். ஆற்றுக்காக வகுத்த குறியீட்டை இந்த ஓடையில் வைத்தால், ஆரோக்கியமான ஓடைக்கு மாசு என்று முத்திரை விழலாம். நோயுள்ளவனை நலமென்றும் நலமானவனை நோயாளி என்றும் சொல்லக்கூடிய ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு மருத்துவம் செய்வார்களா?

2019 மார்ச் 7 அன்று ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சுப் புகையில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றின் ஆறு அளவைகளில் எது அந்த நச்சைக் கண்டுபிடித்திருக்கும்? ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலில் அப்படி ஒரு பொருளே கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மூச்சுத்தான் அன்று அளவுகருவியாக இருந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அளந்தால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1970களில் செம்பனை ஆலைக் கழிவுநீர் மலேசிய ஆறுகளை அழித்துக்கொண்டிருந்தது. ஆலையை விட்டு வரும் பச்சைக் கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் போல இருக்கும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் விதிமுறை வந்தது. 1978இல் 5,000 வரை அனுமதி. படிப்படியாக இறக்கி 1984இல் 100 என்றார்கள். ஆலைகள் குளம் வெட்டிக் கழிவைச் செரிக்கவைக்கக் கற்றுக்கொண்டன. ஓர் எண்ணைக் குறித்து, அதைச் சட்டமாக்கி, மீறினால் தண்டனை என்று நின்றதால் ஆறுகள் ஓரளவு மூச்சு விட்டன. ஆகவே அளவின் வலிமையில் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. அந்த வலிமையை நீரோடு நிறுத்திவிட்டோம், சேற்றுக்குக் கொண்டுபோகவில்லை என்பதுதான் என் வழக்கு.

காட்டின் பச்சைக்கு இனி பதில். பாக்காவ் மரம் சேற்றில் நிற்கிறதே தவிர, சேற்றின் காற்றை நம்பி நிற்கவில்லை. அதன் முட்டுவேர்கள் தரைக்கு மேலே வளைந்து நின்று, பட்டையிலுள்ள துளைகள் வழியே காற்றை இழுத்து உள்ளே அனுப்புகின்றன. காற்றே இல்லாத கருஞ்சேற்றில் வாழ்வதற்கென்றே உருவான மரம் அது. அதனால் சேற்றிலுள்ள நண்டும் புழுவும் மட்டியும் செத்துக்கொண்டிருக்கும் காலத்திலும் மேலே இலை பச்சையாகவே இருக்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் காடு குறையவில்லை என்று காட்டுவது காட்டைப் பற்றிய செய்தி. காலடியில் இருப்பதைப் பற்றி அந்தப் படம் வாய் திறக்காது.

காலடியில் என்ன நடந்தது? கெராங் சொல்லும். குவேதியாவ் தட்டில் நாம் தேடித் தின்னும் அதே ரத்த மட்டி. உடலில் ஈமோகுளோபின் இருப்பதால்தான் அதற்கு அந்தச் சிவப்பு. சேற்றில் புதைந்து, சேற்றை ஒட்டிய நீரை வடிகட்டித் தின்று வாழும் உயிர். இந்த நாட்டில் கெராங் வளர்ப்பு தொடங்கியதே நம் கரையில்தான், 1948இல் பாகான் பஞ்சோரில். நாடு முழுக்க 2010இல் ஏறத்தாழ 78,000 டன் கெராங் எடுத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதில் கால் பங்குகூட மிஞ்சவில்லை. பாசாரில் விலை ஏறியது. தட்டில் எண்ணிக்கை குறைந்தது. சில கடைகள் போடுவதையே விட்டுவிட்டன. நமக்கெல்லாம் தெரிந்த சரிவு இது. காடு அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

கோலா கூலாவில் பால்நிற நாரைகள் இருந்தன. 1980களில் நூறு பறவைகளுக்கு மேல் எண்ணினார்கள். இருபது ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. மிருகக்காட்சிசாலையில் வளர்த்த பறவைகளைக் கொண்டுவந்து விட வேண்டிய நிலை. அவை இரை தேடுவது சேற்று விளிம்பில். அப்போதும் காடு பச்சையாகத்தான் இருந்தது.

கெராங் குறைந்ததற்குக் காரணம் ஆற்று மாசுதான் என்று நான் ஒரே போடாகப் போடவில்லை. வித்துக் கெராங்கை அளவுக்கு மீறி அள்ளியது, சேற்றின் தன்மை மாறியது, வெப்பம், நோய், மேலிருந்து வந்த கழிவு எனப் பல காரணங்கள் சொல்கிறார்கள். இவற்றில் எது எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமே, ஏன்? சரிவுக்கு முன்னால் இருபது முப்பது ஆண்டுகள், அதே இடத்தில், அதே முறையில், சேற்றையும் அதிலுள்ள உயிர்களையும் பார்த்து எழுதிவைத்த பேரேடு நம் கையில் இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது. காட்டுக்கு அப்படி ஒரு பேரேடு உண்டு. எந்தத் துண்டில் எந்த ஆண்டு வெட்டினார்கள், எந்த ஆண்டு நட்டார்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். சேற்றுக்கு ஏன் இல்லை?

ஆய்வாளர்கள் கெராங்கையும் சேற்றையும் தொடவே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சசேகுமார் மலாயாக் கண்டல் கரையொன்றில் எந்த உயிர் எந்த மட்டத்தில் வாழ்கிறது என்று 1974இலேயே ஆய்விதழில் எழுதினார். மட்டிகளிலுள்ள கன உலோகங்களைப் பற்றி உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நிறையவே ஆராய்ந்திருக்கின்றன. ஆனால் ஆய்வு வேறு, கண்காணிப்பு வேறு. ஆய்வுக்கு மானியம் உண்டு, முடிவுத் தேதி உண்டு. மாணவர் பட்டம் வாங்கியதும் அந்த இடத்துக்குப் போவது நின்றுவிடும். கண்காணிப்பு என்பது அலுப்பான வேலை. ஒன்றும் நடக்காத ஆண்டிலும் போக வேண்டும், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத வேண்டும். ஏதாவது நடக்கும் ஆண்டில் பயன்படுவது அந்த அலுப்பான ஏடுகள்தாம்.

மட்டியைக் காவலாளியாக வைக்கும் யோசனை புதியதும் இல்லை. 1975இலேயே அமெரிக்காவின் எட்வர்ட் கோல்ட்பர்க் இதை முன்வைத்தார். மட்டி ஓடிப்போகாது, நாள் முழுதும், இரவு முழுதும், ஏற்றத்திலும் வற்றத்திலும் நீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும், நீரில் நூல் அளவு இருக்கும் நஞ்சை உடலில் சேர்த்துவைக்கும். அதை எடுத்துச் சோதித்தால் பல மாதத்துக் கணக்கு ஒரே சதையில் கிடைக்கும். குப்பி நீரால் இதைத் தர முடியாது. ஜப்பானின் மினமாதாவில் என்ன நடந்தது? ஆலை பல ஆண்டுகளாகக் கடலுக்கு விட்ட பாதரசம் சேற்றில் படிந்து, மட்டியிலும் மீனிலும் திரண்டு, 1956இல் மனிதரின் நரம்புகளில் வந்து தெரிந்தது. அதற்கு முன்பே பூனைகள் தள்ளாடிக் கடலில் விழுந்ததை மீனவர்கள் பார்த்திருந்தார்கள்.

மீனவர் பேச்சை ஆதாரமாக எடுக்க முடியாது என்று ஒரு வாதம் வரும். “அவர்கள் எப்போதும் குறைதான் சொல்வார்கள்.” தமிழ்நாட்டின் எண்ணூரில் இப்படித்தான் சொன்னார்கள். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஓடை தூர்ந்துபோகிறது என்று காட்டுக்குப்பம் பக்கத்து மீனவர்கள் ஆண்டுக்கணக்காகக் கத்தினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அலையாத்தி வேர்களில் கறுப்பாக அப்பிக்கொண்டது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வாளியிலும் குவளையிலும் அந்த எண்ணெயை அள்ளியவர்கள் அதே மீனவர்கள். அவர்களுடைய முந்தைய பேச்சு தேதியோடும் இடத்தோடும் ஒரு பதிவேட்டில் ஏறியிருந்தால், அது ஆதாரமாகியிருக்கும். பேச்சுக்கும் ஆதாரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

இனி, செலவு. “நம்மால் முடியுமா, அதற்கெல்லாம் ஆய்வுக்கூடம் வேண்டுமே” என்பார்கள். உலோகச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும்தான்; ஆண்டுக்கு இரண்டு முறை, குறிப்பிட்ட சில இடங்களில் எடுத்தால் போதும், ஒரு மாநிலத்துக்கு அது பெரிய செலவே இல்லை. மற்றதற்கு என்ன வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். போன ஆண்டு ஓர் அமாவாசை வற்றத்தில் நண்பரோடு கழியின் விளிம்பில் இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. மண்வெட்டியால் ஒரு கட்டி சேற்றை அப்படியே நறுக்கி எடுத்து, பக்கவாட்டில் பிளந்து வைத்தோம். மேலே பழுப்பாக ஒரு படலம், விரற்கடை அளவு. அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு. பழுப்புப் படலம் காற்று எட்டும் ஆழம். நண்டு வளையும் புழுத் துளையும் எங்கே இறங்கியிருந்தனவோ அங்கே அந்தப் பழுப்பு ஒரு நரம்பு போலக் கறுப்புக்குள் இறங்கியிருந்தது. நாலைந்து நரம்பு எண்ணினோம். அங்கிருந்து இருநூறு அடி தள்ளி, ஒரு கழிவுக் கால்வாய் வந்து விழும் இடத்தில் இன்னொரு கட்டி எடுத்தோம். பழுப்பு நகக்கண் அளவுகூட இல்லை. நரம்பு ஒன்றும் இல்லை. நண்பர் சேற்றைச் சல்லடையில் இட்டு அலசினார். செந்நூல் துண்டு போல மெல்லிய புழுக்கள் மட்டும் மிஞ்சின.

கழிவு ஏற ஏற உயிர்வகை குறைந்து, கடைசியில் இப்படிப்பட்ட சிறு புழுக்கள் மட்டும் பெருகும் என்பதை 1978இலேயே பியர்சன், ரோசன்பர்க் என்ற இருவர் தெளிவாக எழுதிவைத்துவிட்டார்கள். கண்டல் சேறு இயல்பிலேயே கறுப்பு; ஒருநாள் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எங்கள் இரண்டு கட்டிகளை வைத்து யார் மேலும் குற்றம் சாட்ட நான் தயாரில்லை. அதே இடத்தில், ஆண்டுக்கு நாலு முறை, பத்து ஆண்டு பார்த்தால் பழுப்பு மெலிகிறதா தடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதற்கு வேண்டியவை ஒரு மண்வெட்டி, ஒரு சல்லடை, முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று. பத்து வெள்ளிக்குக் குறைவான ஸ்கேல்.

கடைசியாக, நம்மவர்களே சொல்லும் ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. “கோலா செப்பெத்தாங் சீனர் ஊர், படகு அவர்களுடையது, கெராங் அவர்களுடையது. நமக்கென்ன?” அந்த ஊரில் பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. போய்ப் பாருங்கள். ஆங்கிலம், ஜாவி, சீனம், அதோடு தமிழ். நம்மவர்களும் படிக்கும்படி தமிழிலும் எழுதினார்கள். அந்தக் கரைக்கும் நமக்கும் உறவு அன்றே எழுதியாகிவிட்டது. பெயர்ப்பலகையை விடவும் பெரிய உறவு ஒன்று சேற்றில் இருக்கிறது. தைப்பிங், சிம்பாங், துரோங் வட்டாரத் தோட்டங்களில் நம் அம்மாக்கள் முதுகில் சுமந்து அடித்த மருந்து அவர்கள் உடம்பில் பாதி, அந்தச் சேற்றில் மீதி. அவர்கள் உடம்பைச் சோதித்து எழுதிவைக்க அன்றைக்கு யாரும் வரவில்லை. பெரட்டில் பேர் மட்டும் போட்டார்கள். சேற்றையும் அப்படியே விடுவதற்கு நாம் துணைபோகக் கூடாது.

ஆகவே கேட்பவை மூன்று. மாத்தாங் காட்டுக்கு எழுதும் அடுத்த பத்தாண்டுத் திட்டத்தில் மரத்தோடு சேறும் இடம்பெற வேண்டும். நிரந்தர இடங்கள் குறித்து, பழுப்புப் படலமும் சேற்று உயிர்களும் கெராங் சதையும் ஆண்டுதோறும் அளக்கப்பட வேண்டும். நீர் எடுப்பவர்கள் விடியலுக்கு முன்னும், வற்றத்தின் கடைசியிலும், பெருமழைக்கு மறுநாளும் எடுக்க வேண்டும். கிடைக்கும் எண்கள், வருடாந்தர அறிக்கையின் ஒரு வரிச் சராசரியாகச் சுருங்காமல், இடம் வாரியாக, மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அந்தப் படகுத்துறையிலேயே ஒட்டப்பட வேண்டும்.

உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அடுத்த அமாவாசை வற்றத்துக்கு ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களை, பெற்றோரின் அனுமதியோடு, ஒரு மண்வெட்டியும் ஒரு ஸ்கேலும் கொடுத்துக் கரைக்கு அழைத்து வாருங்கள். நான் வந்து நிற்கிறேன்.